ஏழு மைல் புழுதி

ஏனோன் சபைச் சாலை,
வடக்கு அலபாமா.
மே 19, 1996, ஞாயிறு.

என் மகன் டாயலுக்கு,

உன் அம்மா ஒசெல்லா எழுதுகிறேன். கர்த்தருடைய இரக்கத்தால் நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பா உயிரோடு இருக்கிறார். அதற்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

போனில் நான் உன்னிடம் சொன்னது மொத்தம் நான்கு வாக்கியம். அந்தக் கருவியைக் காதில் வைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுத உட்கார்ந்தால்தான் வரிசையாக வரும்.

ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணி. தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தார். முப்பதில் பதினொன்று ஊன்றியாயிற்று. பன்னிரண்டாவதைக் கையில் பிடித்தபடியே பாத்தியில் சாய்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் இப்போது அவர் வசத்தில் இல்லை. சொன்னால் எல்லாம் புரிகிறது. பேச்சுதான் போய்விட்டது. தண்ணீர் வேண்டும் என்றால்கூட வாயைத் திறந்து, எங்கேயோ வைத்த பொருளைத் தேடுவதுபோல் தேடிப் பார்க்கிறார். கிடைக்காமல் மூடிக்கொள்கிறார். ஐம்பது வருடம் ஆலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாப் பாட்டுக்கும் சுருதி எடுத்துக்கொடுத்த வாய் அது.

மீதிப் பத்தொன்பது நாற்றையும் உன் வெர்டி அத்தை நட்டாள். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியதும், “லெல்டன், குனிஞ்சு வேலை செய்யப் பயந்துக்கிட்டு இவ்வளவு தூரம் போவேன்னு நான் நினைக்கல” என்றாள். அவர் இடது பக்க உதட்டால் சிரித்தார். அவருக்கு எழுபத்தைந்து, அவளுக்கு எழுபத்து மூன்று. இன்னும் முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகளைப் போலத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நீ போனில், “நான் வரட்டுமா?” என்று கேட்டாய். “பொறு, அவரைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன். மறுநாள் கேட்டேன். அவர் கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இதை உனக்கு மறைக்க எனக்கு மனமில்லை. இருபத்தெட்டு வருடமாக நீ கிறிஸ்துமஸுக்குப் போன் செய்யும்போதெல்லாம் அவர் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். இப்போது எழுந்து போக முடியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவருடைய வீட்டுக்கு, அவர் சம்மதம் இல்லாமல் உன்னை வரச் சொல்ல என்னால் ஆகவில்லை. ஆனால் அதிக நாள் காத்திருக்கவும் முடியாது என்று டாக்டர் சொல்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ரத்தம் எடுக்க வந்த பெண் உன் ‘ஏழு மைல் புழுதி’யை முனகிக்கொண்டே ஊசியைக் குத்தினாள். சொற்கள் தொடங்குவதற்கு முன்னால் வெறும் லா-சோல்-லா என்று வருமே, அந்த இடம். அவள் பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டு. யாருடைய கையைப் பிடித்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசிதான் வலித்துவிட்டது என்று நினைத்து, “ஆச்சு ஆச்சு, முடிஞ்சிடுச்சு தாத்தா” என்றாள்.

நானும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். 71இல் அந்த இசைத்தட்டு வந்தபோது, கிதாரும் முரசுமாக இருக்கும் பாட்டு ஒரு சபைக்காரி கேட்கக்கூடியது அல்ல என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் மளிகைக்கடையில், பீச் பழ டப்பாவைக் கையில் வைத்திருந்தபோது, கூரையில் இருந்த பெட்டியில் அது வந்தது. இரண்டாவது அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என்னுடைய குரல். உன் அப்பா எழுதிய பாட்டில் நான் பாடும் மேல்குரல் வரி, ஒரு சுரம் மாறாமல். உலகமே புதிதாகக் கேட்ட பாட்டு எனக்கு மட்டும் ஏற்கெனவே மனப்பாடம். டப்பா அலமாரியைப் பார்த்து நின்று மெதுவாகக் கூடப் பாடினேன். வீட்டுக்கு வந்து கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரமே உப்புத் தீர்ந்துவிட்டது என்று மறுபடியும் போனேன். உப்பு முக்கால் டப்பா இருந்தது.

வேறு செய்தி: நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். எழுபத்தொரு வயதில். வேறு வழியில்லை. வெர்டி பக்கத்தில் உட்கார்ந்து, “அது தபால் பெட்டி, ஒசெல்லா, மனுஷன் இல்ல, அதுவா விலகாது” என்று கத்துகிறாள். ஒரு தபால் பெட்டி போயிற்று. ஆனால் ஒரு லாபம். நம் வீட்டு வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரை வண்டியின் மீட்டரில் மூன்று தடவை பார்த்துவிட்டேன். ஐந்தே கால் மைல். ஏழு இல்லை. உலகம் முழுக்க இருபத்தைந்து வருடமாகத் தப்பான கணக்கைப் பாடிக்கொண்டிருக்கிறது. நீ பாடுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தப் புழுதியைப் பற்றி இன்று எழுத எனக்குத் தெம்பில்லை.

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்கக்கூட எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தினமும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்,
அம்மா.


ஜூலை 7, 1996, ஞாயிறு.

டாயல், என் பிள்ளையே,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பதில் எழுதும்படி அந்தக் கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லைதான். இதில் இருக்கிறது. உட்கார்ந்து படி.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு நம் சபையின் பாட்டு நாள். வழக்கம்போல நான்தான் குறிப்புப் புத்தகம் எழுத வேண்டும். யார் நடுவில் நின்று பாட்டை நடத்தினார்கள், எந்தப் பாட்டை எடுத்தார்கள், யார் சுருதி கொடுத்தார்கள், ஒன்றுவிடாமல். 1955இலிருந்து என் கையெழுத்துதான். இந்த வருடம் அப்பாவின் பாட்டுப் புத்தகத்தைத் துடைத்து வைக்கலாமென்று எடுத்தபோது, பின்னட்டைக்குள் மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். அவர் எழுதிய பாட்டு.

கல்யாணமான வருடம் எழுதினார். வாழ்நாளில் எழுதிய ஒரே பாட்டு. அச்சில் ஏறவில்லை, கையால் பிரதி எடுத்து நம் ஆலயத்தில் மட்டும் பாடினோம். மெட்டுக்கு ஊர்ப்பெயரோ ஓடைப்பெயரோ வைப்பதுதான் நம் வழக்கம். அவர் என் பெயரை வைத்தார். அதற்காக வெர்டி அவரை ஒரு வருடம் கேலி செய்தாள்.

தாளில் நான்கு வரி, நான்கு குரலுக்கு. மேலே என்னுடையது, பிறகு வெர்டியின் ஆல்டோ என்னும் நடுக்குரல், பிறகு அப்பாவின் மெட்டுக்குரல், கீழே பாஸ் என்னும் அடிக்குரல். அதில் மூன்றாவது வரியை, அவருடைய வரியை, பென்சிலால் கோடு கோடாக அடித்திருக்கிறார். ஓரத்தில் ‘அக்டோபர் 71’ என்று எழுதியிருக்கிறார்.

உடனே என் குறிப்புப் புத்தகங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். 71 ஆகஸ்ட் வரை ஒவ்வொரு வருடமும் ‘ஒசெல்லா, லெல்டன் டிட்மோர்’ என்று மெட்டின் பெயரும் எடுத்தவர் பெயருமாக இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட இல்லை. அவர் நடுவில் நிற்பார், வேறு பாட்டு எடுப்பார். என் கையாலேயே எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் ஏன் என்று யோசிக்கவில்லை.

அந்த அக்டோபரில்தான் உன் இசைத்தட்டு வந்தது. தீவனக் கடையிலிருந்து திரும்பியவர், வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வண்டியில் ரேடியோ உண்டு. கிதார் மேல் இருந்த கோபம் என்று நினைத்தேன். ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. இல்லை டாயல். அவர் எழுதிய பாட்டிலிருந்து நீ என் வரியை எடுத்துக்கொண்டு, அவர் வரியை வெளியே தள்ளிவிட்டாய் என்று நினைத்திருக்கிறார். மெட்டே அதுதானே. மெட்டை எழுதியவனை விட்டுவிட்டு மெட்டின் பக்கத்தில் வருவதை உலகத்துக்குப் பாட்டாகக் கொடுத்தால் அவர் வேறு என்ன நினைப்பார்? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லக்கூடிய மனிதர் இல்லை. இப்போது சொல்ல முடியாத மனிதர்.

இனிதான் நான் சொல்ல வந்தது. போன மாதம் 29ஆம் தேதி, சனிக்கிழமை, நார்வே தேசத்திலிருந்து ஒரு பெண்ணும் அவள் கணவனும் வந்தார்கள். அவள் பெயர் சோல்வெய். வருடத்துக்கு ஐந்தாறு பேர் இப்படி வருவார்கள், ஏழு மைல் நடக்க வேண்டும் என்று. ஐந்தே கால்தான் என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. இனிப்பு டீ கொடுத்தேன்.

அவள் கேட்டாள், பாட்டின் முதல் சுற்றில் சொற்களே இல்லையே, அந்த லா-சோல்-லாவுக்கு என்ன பொருள் என்று. அவர்கள் ஊரில் அதைக் கால்பந்து மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேர் பாடுகிறார்களாம். பொருள் ஒன்றும் இல்லை அம்மா, எங்கள் வழக்கம் என்றேன். முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்று சுரத்துக்கு ஒரு வடிவம் அச்சடித்திருக்கும். எந்தப் பாட்டானாலும் முதலில் சுரத்தைப் பாடிவிட்டுத்தான் சொல்லைப் பாடுவோம், இவன் சின்ன வயதில் கற்றதை விடவில்லை என்றேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

பிறகு கையிலிருந்த சின்னப் பெட்டியில் பாட்டைப் போட்டாள். உன் அப்பா முன்தாழ்வாரத்தில் ஆடும் நாற்காலியில் இருந்தார். நான் பதறி நிறுத்தப் போனேன். வெர்டி ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “விடு ஒசெல்லா. அவன் எழுந்து போகாம இருக்கக் கர்த்தரே ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கார்.”

அந்தப் பாட்டை நான் முழுதாகக் கேட்டது அன்றுதான். கடையில் மூன்றாவது சரணத்துக்குள் யாராவது மைக்கில் கோழி விலை சொல்லிவிடுவார்கள். ஆகவே அதற்குப் பின் வருவது எனக்குத் தெரியாது. மூன்றாவது சரணம் முடிந்ததும் நீ பாடுவதை நிறுத்திவிடுகிறாய். எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். கிதார் மட்டும் என் வரியை மெல்ல வாசிக்கிறது, ஒரு முழுச் சுற்று. ஏன் நிறுத்தினாய் என்று பாட்டு ரசிகர்கள் புத்தகமே எழுதியிருக்கிறார்களாம். போரில் செத்தவர்களுக்காக என்று சிலர், தொண்டை கட்டிக்கொண்டது என்று சிலர்.

அந்த இடம் வந்தபோது உன் அப்பாவின் இடது கை நாற்காலியின் பிடியிலிருந்து எழும்பியது. கீழே, மேலே, கீழே, மேலே. தாளம். பிறகு வாயைத் திறந்தார். தேடுவதற்குத்தான் திறக்கிறார் என்று நினைத்தேன். பாடினார். தண்ணீர் என்று சொல்ல வராத வாயில், லா, ஃபா, சோல் என்று சுரம் சுரமாக, அவருடைய வரி. பேச்சு ஒரு பக்கம், பாட்டு மறுபக்கம், மண்டைக்குள் வேறு வேறு அறை என்று அந்த வாரம் டாக்டர் விளக்கினார். எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

கேள் டாயல். அந்த வரி உன் காலி இடத்தில் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. ஒரு சுரம் மிச்சமில்லை, ஒரு சுரம் குறையவில்லை. நானும் என் வரியைப் பிடித்தேன். வெர்டி கை நிறைய மாவோடு சமையலறையிலிருந்தே ஆல்டோ பாடினாள். முடிந்ததும் அந்த நார்வேப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது என்ன என்று கேட்டாள். “பாட்டோட மீதி” என்றாள் வெர்டி.

அவர்கள் போன பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், “அவனை வரச் சொல்லட்டுமா?” என்று. சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கையை மேலே தூக்கி, ஒரே தடவை கீழே இறக்கினார். பாட்டைத் தொடங்கச் சொல்ல ஐம்பது வருடம் இறக்கிய அதே கை.

ஆகவே என் கேள்வி. மூன்று வயதிலிருந்து நீ என் பக்கத்தில், மேல்குரல் பெஞ்சில், என் கைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாய். உன் காதில் விழுந்ததெல்லாம் என் குரல். அதுதான் மெட்டு என்று நினைத்துவிட்டாய். இது என் ஊகம். அப்படியானால் அந்தக் காலி இடம் எப்படி வந்தது? தெரியாமல் வந்ததா, அவருக்கென்று வைத்தாயா? ஒரே ஒரு வார்த்தை எழுது. அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா.


ஜூலை 31, 1996, புதன்.

என் அருமை மகனே,

நேற்றுப் பதினொரு மணித் தபாலில் உன் கடிதம் வந்தது. நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன், பிறகு உன் அப்பா எதிரில் உரக்கப் படித்தேன்.

‘ஏழுதான் அம்மா. நான் ஆலயம் வரைக்கும் திரும்பி வந்ததையும் சேர்த்துக்கோ’ என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய். பேனாவை எடுத்துக் கூட்டினேன். வீட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஐந்தே கால். நெடுஞ்சாலையிலிருந்து ஆலயத்துக்குத் திரும்பி முக்காலும் அரைக்காலும். மறுபடி நெடுஞ்சாலைக்கு அதே அளவு. சரியாக ஏழு. இத்தனை நாள் உன் கணக்கைக் குறை சொன்னதற்கு என்னை மன்னித்துக்கொள்.

ஆக, வீட்டை விட்டுப் போன அன்று நீ திரும்பி வந்திருக்கிறாய். கல்லறைப் பக்கத்துக் கருவாலி மரத்தடியில் நின்றிருக்கிறாய். உள்ளே நாங்கள் அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தோம். பத்தொன்பது வருடம் என் பக்கத்திலிருந்தே கேட்ட உனக்கு, வெளியே நின்றபோதுதான் அவருடைய குரல் தனியாகக் கேட்டது என்று எழுதியிருக்கிறாய். பிறகு பாட்டுக் கட்டும்போது அந்த வரி முழுதாக நினைவுக்கு வரவில்லை, பொய்யாக எதையாவது போட்டு அடைக்க மனம் வரவில்லை, இடத்தை மட்டும் விட்டுவைத்தேன் என்று எழுதியிருக்கிறாய்.

இந்த இடத்தைப் படித்தபோது அவர் கையை நீட்டினார். கடிதத்துக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைக் காட்டினார். அந்தத் தாளை எடுத்து அவர் மடியில் விரித்தேன். பென்சில் கோடுகள் மேல் விரலை வைத்துத் தேய்த்தார். புரிந்தது. ரப்பரை எடுத்து வந்து நான் அழித்தேன்; தாள் நகராமல் அவர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பழைய தாள், ஓர் இடத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது. படிக்க முடிகிறது.

வெர்டியிடம் சொன்னேன். அவள் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும். தட்டுல கோழியும் சோள ரொட்டியும் வச்சு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நான் இருபத்தெட்டு வருஷம் வாயை மூடியிருந்திருக்கேன் ஒசெல்லா. இதுக்கே எனக்கு மோட்சத்துல முன்பெஞ்சு உண்டு” என்றாள். அவளோடு நான் ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு பேசினேன்.

இனி புழுதி. அன்று காலை நீ கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையோரம் நடந்து போய்க்கொண்டிருந்தாய். நாங்கள் பாட்டு நாளுக்கு வண்டியில் உன்னைக் கடந்து போனோம். என் மடியில் பீச் பலகாரத் தட்டு. உன் அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், எங்கள் வண்டிப் புழுதி உன்னை மூடிவிட்டது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். ஐம்பது வருடத்தில் நான் வாய்விட்டுக் கேட்ட எதையும் அவர் மறுத்ததில்லை. நான் கேட்கவில்லை. உலகம் அந்தப் புழுதியைப் பாடும்போதெல்லாம் யாருக்கும் தெரியாத இந்தப் பங்கு எனக்குத் தெரியும். கர்த்தரிடம் பலமுறை சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல இத்தனை காலம் ஆயிற்று.

பாட்டு நாள் நாளை பிறக்கும் ஆகஸ்ட் மாதம், பதினொன்றாம் தேதி. காலண்டரைப் பார்த்தேன். 68ஆம் வருடக் காலண்டரும் இந்த வருடத்துடையதும் ஒரு நாள்கூட மாறாமல் பொருந்துகின்றன. நீ போன அன்றும் ஆகஸ்ட் 11, ஞாயிறு.

சாப்பாட்டுக்கு முன் இரண்டு பட்டியல் வாசிப்போம், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்று இந்த வருடம் இறந்தவர்கள், மற்றது வர முடியாதவர்கள். இரண்டாவது பட்டியலில் ஒவ்வொரு வருடமும் உன் பெயரை எழுதுவேன். வாசிப்பவரிடம் கொடுக்குமுன் அந்த ஓரத்தை மட்டும் மடித்துக் கிழித்து வைத்துக்கொள்வேன். இருபத்தேழு துண்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. இந்த வருடமும் ஒன்றை எழுத வைத்துவிடாதே.

வருகிறேன் என்று நீ எழுதவில்லை. வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. வந்தால் என் பக்கத்தில் உட்கார வேண்டாம். அப்பாவை நாற்காலியோடு தூக்கி முன்வரிசையில் வைப்பதாகச் சபைப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் பக்கத்தில் உட்கார். அந்த வரியை அவரிடமே கற்றுக்கொள். அவரால் உன்னிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. நீயும் என்ன பேசுவது என்று பயப்பட வேண்டாம். நம் வழக்கம் முதலில் சுரம்தான். சொல் பிறகு வரும். வராவிட்டாலும் சுரம் போதும்.

ஹன்ட்ஸ்வில்லில் விமானத்தை விட்டு இறங்கி வாடகைக் கார் எதுவும் எடுக்காதே. பஸ் பிடி. நெடுஞ்சாலைக் கடையருகே இறக்கிவிடுவான். சாலைக்கு இப்போது தார் போட்டுவிட்டார்கள், புழுதி இல்லை. ஆனாலும் நடக்காதே. பதினொன்றாம் தேதி காலை எட்டு மணியிலிருந்து நான் வண்டியோடு அங்கே இருப்பேன். பக்கத்தில் வெர்டி இருக்க மாட்டாள், தனியாகத்தான் வருவேன். ஓட்ட நன்றாக வந்துவிட்டது. நிறுத்தவும் வந்துவிட்டது.

போன வழியில் உன்னைக் காத்தவர், வரும் வழியிலும் காப்பாராக.

அம்மா.